குடிபோதை வழக்கில் பறிபோன லைசென்ஸ்: மீண்டும் கையில் வாங்க என்ன செய்ய வேண்டும்?

மதுபோதையில் வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்களில் முதலில் பேசப்படுவது அபராதத் தொகைதான். பத்தாயிரம் ரிங்கிட்டை எங்கே புரட்டுவது, யாரிடம் கடன் கேட்பது, நகையை வைப்பதா, ‘கூத்து’ எடுத்த பணத்தைத் தொடுவதா என்று அந்தச் சில நாள்கள் போய்விடும். பணத்தைக் கட்டியதும் வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு தண்டனையும் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கவும் புதிதாக எடுக்கவும் தகுதி இழப்பு. அபராதம் ஒரே நாளில் கட்டி முடிகிறது. தகுதி இழப்பு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளையே நம்பி இருக்கும் ஒரு தொழிலாளிக்கு, லோரி ஓட்டிப் பிழைக்கும் ஓர் ஓட்டுநருக்கு, அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி.

தடைக்காலம் முடிந்தால் லைசென்ஸ் தானாகத் திரும்பி வந்துவிடாது. தீர்ப்பு நாளிலிருந்தே தேதிகளையும் தாள்களையும் சரியாகப் பார்த்துக்கொண்டவர்கள் சிரமமில்லாமல் மீட்கிறார்கள். அலட்சியமாக இருப்பவர்கள் முதல் படியிலிருந்து, அதாவது ‘எல்’ லைசென்ஸிலிருந்து, மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. இடையில் திருட்டுத்தனமாக வண்டி ஓட்டுபவர்கள் இன்னொரு வழக்கில் சிக்குகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். 2020ஆம் ஆண்டில் மதுபோதை ஓட்டுநர்களால் நேர்ந்த உயிரிழப்புகள் நாடு முழுவதும் கோபத்தைக் கிளப்பின. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மக்களவை இச்சட்டத்தின் திருத்தங்களை நிறைவேற்றியது. அத்திருத்தங்கள் 2020 அக்டோபர் 23ஆம் தேதி நடப்புக்கு வந்தன.

அனுமதிக்கப்பட்ட மது அளவு குறைக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் முன்பு 35 மைக்ரோகிராம் வரை அனுமதி இருந்தது. இப்போது 22 மைக்ரோகிராம். இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50 மில்லிகிராம் ஆனது. சிறுநீரில் 107 மில்லிகிராமாக இருந்தது 67 மில்லிகிராம் ஆனது.

தண்டனைகள் கூட்டப்பட்டன. யாருக்கும் காயமில்லை, விபத்தும் இல்லை, சாலைச் சோதனையில் அளவு கூடுதலாக இருந்தது என்றாலே 45ஏ பிரிவின் கீழ் வழக்கு வரும். முதல் குற்றத்திற்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, தீர்ப்பு நாளிலிருந்து குறைந்தது 2 ஆண்டு தகுதி இழப்பு. இரண்டாவது முறையோ அதற்குப் பிறகோ என்றால் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 5 ஆண்டு தகுதி இழப்பு.

உயிரிழப்பு நேர்ந்தால் அது 44ஆம் பிரிவு. முதல் குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், குறைந்தது 10 ஆண்டு தகுதி இழப்பு. மீண்டும் செய்தால் 15 முதல் 20 ஆண்டு சிறை, 20 ஆண்டு தகுதி இழப்பு.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காப்பிக்கடைப் பேச்சில், “ஒரு வருஷம்தான் தடை, அப்புறம் கொடுத்துடுவான்” என்று பலர் சொல்வதுண்டு. அது பழைய கணக்கு. திருத்தத்திற்கு முன்பு 45ஏ பிரிவில் முதல் குற்றத்திற்கு 1,000 முதல் 6,000 ரிங்கிட் அபராதமும் குறைந்தது 12 மாதத் தடையும் இருந்தன. அன்று தண்டனை பெற்ற ஒருவரின் அனுபவத்தை இன்று வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

மோட்டார் சைக்கிள், தோட்டச் சாலை, நிறுத்திய கார்

“கார் ஓட்டினால்தானே பிடிப்பார்கள், நான் மோட்டார்தானே” என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்திற்கு இரண்டும் மோட்டார் வாகனமே. அபராதமும் தடையும் ஒன்றுதான். தகுதி இழப்பும் ஒரு வகை லைசென்ஸோடு நிற்பதில்லை. மோட்டார் சைக்கிளில் பிடிபட்டவர் தடைக்காலத்தில் காரும் ஓட்ட முடியாது, லோரியும் ஓட்ட முடியாது.

தோட்டத்துச் செம்மண் சாலைக்குப் போலீஸ் சட்டம் வராது என்பதும் தவறான நம்பிக்கை. பொதுமக்கள் போய்வரும் எந்தச் சாலையும் இச்சட்டத்தில் சாலைதான். லயத்திலிருந்து கோயிலுக்கும் கடைக்கும் எல்லோரும் போய்வரும் பாதையில் விபத்து நடந்தால், அது தனியார் நிலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மூன்றாவது, வண்டியை ஓட்டாமலேயே மாட்டுவது. போதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது 45ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். விருந்து முடிந்து, சாவியோடு ஓட்டுநர் இருக்கையில் ஏர்கோனைப் போட்டுத் தூங்குபவருக்கும் வழக்கு வரலாம். மூச்சுச் சோதனைக்கோ இரத்த மாதிரிக்கோ தக்க காரணமில்லாமல் மறுப்பதும் குற்றமே. ஊத மறுத்தால் ஆதாரம் இருக்காது என்று நினைத்து மறுப்பவர், இன்னொரு குற்றச்சாட்டைத்தான் சேர்த்துக்கொள்கிறார்.

நீதிமன்றத்திற்குப் போகும் முன்

இவ்வழக்குகள் பெரும்பாலும் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் நடக்கின்றன. தீவில் பிடிபட்டவருக்கு லைட் சாலையில் உள்ள ஜார்ஜ்டவுன் நீதிமன்றம். பெருநிலப் பகுதியில் பிடிபட்டால் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் போன்ற நீதிமன்றங்கள்.

முதல் நாளே, “குற்றத்தை ஒப்புக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம்” என்று தோன்றும். வேலைக்கு லீவு போட்டு வந்திருப்பார், மறுபடி மறுபடி வர முடியாது. ஆனால் ஒப்புக்கொள்வதும் குற்றத் தீர்ப்புதான். முதல் குற்றம் என்று பதிவாகிவிடும். பல ஆண்டு கழித்து மீண்டும் பிடிபட்டாலும் அது இரண்டாம் குற்றம், 5 ஆண்டு தடை. ஆகவே வாய் திறக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. சோதனை எப்போது எடுக்கப்பட்டது, அளவு எவ்வளவு, முறைப்படி எடுத்தார்களா, தண்டனையைக் குறைக்கச் சொல்லக்கூடிய காரணங்கள் என்ன என்று பார்க்க வேண்டியது அவர் வேலை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். குற்றவியல் வழக்குகளில் வசதி குறைந்த மலேசியக் குடிமக்களுக்கு உதவத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கட்டம் ஆகியவற்றில் அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். மலாயில் அதை ‘யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்’ என்பார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. போலீஸ் நிலையத்திலோ நீதிமன்ற முகப்பிலோ, “பந்துவான் குவாமான் வேண்டும்” என்று கேட்டாலே வழி காட்டுவார்கள்.

தீர்ப்பு நாளில் வாங்க வேண்டிய தாள்கள்

தீர்ப்பு மலாயில் வாசிக்கப்படும். பதற்றத்தில் பாதி காதில் விழாது. மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஹிலாங் கெலாயாக்கான்’ என்றால் தகுதி இழப்பு. ‘டிகாந்தோங்’ என்றால் லைசென்ஸ் இடைநிறுத்தம். ‘டிபாத்தால்கான்’ என்றால் லைசென்ஸ் ரத்து. இடைநிறுத்தப்பட்ட லைசென்ஸும் ரத்தான லைசென்ஸும் திரும்பி வரும் வழி ஒன்றல்ல. ஆகவே உங்கள் தீர்ப்பில் எது இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அன்றே கையில் இருக்க வேண்டியவை:

நீதிமன்ற ஆணையின் பிரதி. தடை எத்தனை ஆண்டு, எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். சிறைத்தண்டனையும் சேர்ந்திருந்தால் தொடக்கத் தேதியை வழக்கறிஞரிடம் இருமுறை கேளுங்கள்.

அபராதம் கட்டிய ரசீது. அபராதத்தைக் கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை என்று நீதிமன்றம் ஆணையிடும். கட்டியதற்குச் சாட்சி இந்த ரசீது மட்டுமே. வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும். அன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வழக்கு எண். அதைத் தனியாக எழுதி வைத்தால், பிரதி தொலைந்தாலும் நீதிமன்றப் பதிவகத்தில் மீண்டும் கேட்க முடியும்.

தண்டனை அதிகம் என்று கருதினால் 14 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த உடனே வண்டி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கும்படி நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்டு, ஆணை பெற்றால் மட்டுமே அது நிற்கும்.

தடைக்காலத்தில் செய்யக்கூடாதவை

வேலைக்குப் போய்வர மட்டும், பிள்ளையைப் பள்ளிக்கு விட மட்டும் என்று தனி லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. சில வெளிநாடுகளில் அப்படி உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு இங்கே கேட்டுப் பயனில்லை. ‘எல்’ லைசென்ஸும் ஒரு லைசென்ஸ்தான், தடை முடியும் முன் அதையும் எடுக்க முடியாது. சிங்கப்பூர் லைசென்ஸோ அனைத்துலக லைசென்ஸோ வைத்திருக்கிறேன் என்று சொல்லி இங்கே ஓட்டவும் முடியாது. தடை ஆளுக்குத்தான், அட்டைக்கு அல்ல.

தடைக்காலத்தில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அது புதிய குற்றம். அதைவிட ஆபத்து காப்புறுதியில் இருக்கிறது. மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில், ஓட்டுபவர் நீதிமன்ற ஆணையால் தகுதி இழந்தவராக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். தடைக்காலத்தில் ஒரு விபத்து நடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு சென்னும் கிடைக்காது. அடிபட்டவருக்குக் காப்புறுதி நிறுவனம் கொடுக்க நேர்ந்தாலும், பிறகு அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வரலாம். ஒரு வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாத தொகையாக அது இருக்கக்கூடும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. லைசென்ஸ் இல்லாத ஒருவரை ஓட்ட அனுமதிப்பதும் சட்டப்படி குற்றம். தம்பியின் மோட்டார், மனைவியின் பெயரிலுள்ள கார், முதலாளியின் வேன் எதுவாக இருந்தாலும் சாவி கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். “பக்கத்துக் கடைக்குத்தானே” என்று சாவி கேட்டால் மறுப்பது கல்நெஞ்சம் இல்லை. அவர் லைசென்ஸ் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மறுப்பு.

இரண்டு ஆண்டு எப்படிச் சமாளிப்பது? தீவில் இருப்பவர்களுக்கு ரேபிட் பினாங்கு பேருந்தும், ஜார்ஜ்டவுன் நகருக்குள் கட்டணமில்லாத கேட் பேருந்தும் இருக்கின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை நிறுவனங்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலைப் பேருந்து உண்டு. பெருநிலத்திலிருந்து வருபவர்கள் பெர்ரியில் கடந்து, ஜெட்டியில் பேருந்து பிடிக்கலாம். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான சிரமம். அங்கே பேருந்து குறைவு. ஒரே ஆலைக்குப் போகும் நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது, ஷிப்ட் நேரத்தை மாற்றிக் கேட்பது, ஓராண்டுக்கு வேலையிடத்துக்கு அருகில் அறை எடுப்பது போன்ற ஏற்பாடுகளைத் தீர்ப்புக்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். ஏற்பாடு இல்லாமல் விட்டால், மூன்றாவது மாதத்தில் மோட்டார் சாவி தானாகக் கைக்கு வந்துவிடும்.

மூன்று ஆண்டுக் கணக்கு

லைசென்ஸ் காலாவதியாகி 3 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் சாதாரணமாகப் புதுப்பிக்க முடியாது, புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது ஜேபிஜே விதி. இது குடிபோதை வழக்குக்காக வந்த விதி அல்ல, எல்லோருக்கும் உள்ளது. ஆனால் தடைக்காலத்தோடு சேரும்போது பலரை இது மாட்டிவிடுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவருடைய லைசென்ஸ் 2025 ஜனவரி 15ஆம் தேதி காலாவதியாகிவிட்டது, அவர் புதுப்பிக்கவில்லை. 2025 ஜூன் 10ஆம் தேதி அவருக்கு 2 ஆண்டுத் தடை விதிக்கப்படுகிறது. தடை 2027 ஜூன் 10ஆம் தேதி முடிகிறது. காலாவதித் தேதியிலிருந்து 3 ஆண்டு 2028 ஜனவரி 15ஆம் தேதி நிறைவடைகிறது. அவரது லைசென்ஸ் ரத்தாகாமல் இடைநிறுத்தத்தில் மட்டும் இருந்தால், தடை முடிந்த பிறகு புதுப்பிக்க அவருக்கு இருப்பது ஏழு மாதம் மட்டுமே. “இரண்டு வருஷம் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம்” என்று அடுத்த தைப்பூசம் கழித்துப் போனால் வாய்ப்பு போய்விடும். அவருக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டிருந்தால் அந்த ஏழு மாதமும் கிடையாது.

ஆகவே வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லைசென்ஸ் காலாவதித் தேதியைப் பாருங்கள். தீர்ப்புக்கு முன் காலாவதியாவதாக இருந்தால், அப்போதே புதுப்பித்துவிடுவது நல்லது. தடை வந்த பிறகு அது முடியாது.

தடை முடிந்ததும் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள். மைஜேபிஜே செயலியில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு லைசென்ஸ் நிலையையும், ‘செனாராய் ஹித்தாம்’ எனப்படும் கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். கட்டாத சம்மன்கள் இருந்தால் அவையும் அங்கே தடையாக நிற்கும். குடிபோதை வழக்கை மட்டும் நினைத்துக்கொண்டு போய், பழைய வேகக் கட்டுப்பாட்டுச் சம்மனால் திரும்பி வருபவர்கள் உண்டு. அவற்றை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள்.

அடுத்து ஜேபிஜே முகப்பு. தீவில் இருப்பவர்களுக்குப் பத்து உபான் அலுவலகம். அடையாள அட்டை, பழைய லைசென்ஸ், நீதிமன்ற ஆணைப் பிரதி, அபராத ரசீது ஆகியவற்றைக் கொண்டு போங்கள். நீதிமன்றத் தடை முடிந்துவிட்டது, பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தடை முடிந்த மறுநாளே போவது நல்லது. நீதிமன்றப் பதிவுக்கும் ஜேபிஜே கணினிக்கும் தேதி ஒத்துப்போகாமல் இருந்தால், உங்கள் கையிலுள்ள பிரதிதான் பேசும்.

அங்கே இரண்டு வழிகளில் ஒன்று சொல்லப்படும். லைசென்ஸ் இடைநிறுத்தத்தில் மட்டும் இருந்து, 3 ஆண்டுக் கணக்கும் தாண்டாமல் இருந்தால் புதுப்பிக்கும் வழி. ரத்தாகிவிட்டாலோ காலம் கடந்துவிட்டாலோ புதிதாக எடுக்கும் வழி. 5 ஆண்டு, 10 ஆண்டுத் தடை பெற்றவர்கள் இரண்டாவது வழிக்கே தயாராக இருக்க வேண்டும்.

புதிதாக எடுப்பது பதினேழு வயதுப் பிள்ளைகள் எடுக்கும் அதே பாதைதான். வாகனப் பயிற்சி நிலையத்தில் பதிவு செய்து கேபிபி வகுப்பில் உட்கார வேண்டும். கணினித் தேர்வில் 50 கேள்வி, தேர்ச்சி பெற 42 சரியாக இருக்க வேண்டும். பிறகு ‘எல்’ லைசென்ஸ், களப்பயிற்சி, சாலைப் பயிற்சி, ஜேபிஜே அதிகாரியின் நேரடித் தேர்வு. மகன் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருவது சங்கடமாக இருக்கலாம். இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் மேட்டில் நிறுத்தி ஏற்றும் தேர்வுக்கு உதவும். கேள்வித்தாளுக்கு உதவாது. விதிகள் மாறியிருக்கும், புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எல்லாம் முடிந்து, லைசென்ஸ் செல்லுபடியாகும் என்று பதிவில் வந்த பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். தடைத் தேதி முடிந்துவிட்டது, ஆனால் லைசென்ஸ் இன்னும் புதுப்பிக்கவில்லை என்ற இடைவெளியில் ஓட்டினால், அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

லோரி, பஸ், இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள்

லோரிக்கான ஜிடிஎல், பஸ்சுக்கும் டாக்சிக்கும் இ-ஹெய்லிங்கிற்குமான பிஎஸ்வி ஆகியவை சாதாரண லைசென்ஸின் மேல் நிற்பவை. அடியில் இருப்பது போனால் மேலே இருப்பதும் நிற்காது. வேலை முடிந்து சொந்த மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போது பிடிபட்டாலும், அடுத்த நாள் லோரியில் ஏற முடியாது.

மீட்கும்போதும் முதலில் சாதாரண லைசென்ஸ், பிறகுதான் தொழில் லைசென்ஸ். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் தேவை. தடைக்காலத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றைக் கவனிக்காமல் விட்டால், தடை முடிந்தும் மருத்துவப் படிவத்தில் சிக்கல் வரலாம். முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, கிடங்கு வேலையோ லோரி உதவியாளர் வேலையோ கேட்டுப் பார்ப்பது வேலையை மொத்தமாக இழப்பதைவிட மேல். மறைத்து ஓட்டி விபத்து நடந்தால் முதலாளியும் சேர்ந்தே மாட்டுவார்.

“நான் எடுத்துத் தருகிறேன்”

தகுதி இழந்தவர்களைத் தேடி வரும் ஆள்கள் இருக்கிறார்கள். கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறேன், தேர்வு எழுதாமலே லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று முகநூலிலும் வாட்ஸாப்பிலும் சொல்வார்கள். இதைத்தான் ‘லெசென் தெர்பாங்’ என்கிறார்கள். நீதிமன்றத் தடையை நீதிமன்ற ஆணை தவிர வேறு எதுவும் குறைக்காது. அட்டை கையில் வந்தாலும் ஜேபிஜே பதிவில் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தான். சாலைச் சோதனையில் அதிகாரி பார்ப்பது கணினியை. பணமும் போய், போலி ஆவண வழக்கும் வரும்.

மறுபடி பிடிபடாமல் இருக்க

லைசென்ஸ் திரும்பி வந்த பிறகு இரண்டாம் முறை பிடிபட்டால் 5 ஆண்டு. அதனால் இந்தக் கணக்கு அவசியம்.

640 மில்லிலிட்டர் பெரிய பீர் போத்தல், 5 விழுக்காடு மது என்றால் அதில் ஏறத்தாழ 25 கிராம் மதுசாரம் இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை வேகமாகக் குடித்தால் இரத்த அளவு ஏறத்தாழ 57 மில்லிகிராமுக்கு ஏறும். இன்றைய வரம்பு 50. ஒரு போத்தலிலேயே தாண்டிவிடலாம். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் கூடும். 40 விழுக்காட்டு மது உள்ள 150 மில்லிலிட்டர் சிறிய போத்தல் ஒன்று, கிட்டத்தட்ட இரண்டு பெரிய பீருக்குச் சமம். போத்தல் சிறியது என்பதால் போதை சிறியது ஆகாது.

உடல் மதுவைக் கழிக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். கோப்பி ஓ குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும் அந்த வேகம் மாறாது. கல்யாண விருந்தில் இரவு 10 மணிக்குத் தொடங்கி அதே ஆள் மூன்று பெரிய பீர் குடித்தால், மறுநாள் காலை 6 மணிக்கும் வரம்பை ஒட்டியே இருப்பார். தூங்கி எழுந்துவிட்டேன், போதை தெளிந்துவிட்டது என்று 7 மணி ஷிப்ட்டுக்கு மோட்டாரை எடுப்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும். இது பொதுக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு குடித்தால் ஓட்டலாம் என்று பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. குடித்தால் மறுநாள் காலையும் சேர்த்து வண்டியை விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

ஒரு நாள் தவறிப் பிடிபட்டவர்கள் உண்டு. குடியை நிறுத்த முடியாமல் பிடிபட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகைக்குத் தடை மட்டும் மருந்தாகாது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற 10 கேள்விகள் கொண்ட சோதனை இருக்கிறது. மொத்தம் 40 புள்ளியில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி கெடுதல் செய்யும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டால் இச்சோதனையும் ஆலோசனையும் கிடைக்கும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரக்கூடும், அதனால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. மனநல ஆலோசனைக்குச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. குடியால் வீட்டில் அடி உதை நடந்தால் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். தோட்டங்களில் சம்சுவுக்கும் மலிவு மதுவுக்கும் எதிராகப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது.

சுருக்கமாக

தீர்ப்புக்கு முன்: சட்ட உதவி கேளுங்கள், லைசென்ஸ் காலாவதித் தேதியைப் பாருங்கள், போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

தீர்ப்பு நாளில்: ஆணைப் பிரதி, அபராத ரசீது, வழக்கு எண் வாங்குங்கள். தடை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு 14 நாள்.

தடைக்காலத்தில்: எந்த வண்டியும் வேண்டாம், எந்தச் சாலையிலும் வேண்டாம். வீட்டார் சாவி கொடுக்க வேண்டாம். பழைய சம்மன்களைத் தீர்த்துவிடுங்கள்.

தடை முடிந்ததும்: மைஜேபிஜே செயலியில் பாருங்கள், தாள்களோடு ஜேபிஜே முகப்புக்குப் போங்கள், பதிவில் லைசென்ஸ் செல்லுபடியான பிறகே வண்டியை எடுங்கள்.

நீதிமன்ற ஆணைப் பிரதியை அடையாள அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவை இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஜேபிஜே முகப்பில் முதலில் கேட்கப்படும் தாள்களில் அதுவும் ஒன்று.